பாப்பாவின் இரண்டாயிரம் ரூபாய்: பராமரிப்பு உதவித்தொகை வாங்கப் போகிறவர்களுக்கு

தெரபி சென்டருக்குப் புதிதாக வரும் அம்மாக்கள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்றுதான். "அந்த ரெண்டாயிரத்தை எப்படிக்கா வாங்குனீங்க?" வாயால் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை, அதற்கு முன்னால் வாங்கவேண்டிய அடையாள அட்டை, இரண்டையும் வாங்கி முடித்தவள் என்ற முறையில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். திட்டம் நல்ல திட்டம். அதை வாங்கப் போகும் வழிதான் நம்மைப் படுத்துகிறது.

என் மகளுக்கு ஏழு வயது. மூளை முடக்குவாதம், தெரபியில் சி.பி. என்பார்கள். பிறந்தவுடன் அழவில்லை, 21 நாள் இன்குபேட்டரில் இருந்தாள். 14 மாதத்தில் டாக்டர் குறைபாட்டின் பெயரைச் சொல்லிவிட்டார். ஆனால் அட்டைக்கு விண்ணப்பித்தது அவளுக்கு ஐந்து வயது ஆனபிறகுதான். நடுவில் நான்கு வருஷம் போனதற்கு எந்த ஆபீசும் காரணம் இல்லை, நாங்கள்தான். "அட்டை வாங்கிட்டா அப்புறம் அந்தப் பேருதான் நிக்கும், புள்ள நடந்துடும் பாரு" என்று அத்தை சொல்வார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசைதான். அட்டைக்குப் போனால் அவள் நடக்கமாட்டாள் என்று நானே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று பயந்தேன். இப்போது சொல்கிறேன், அட்டை வாங்கியதால் எந்தப் பிள்ளைக்கும் நடை நின்றுபோகாது. தெரபி ஒரு பக்கம் நடக்கட்டும், அட்டை ஒரு பக்கம் வரட்டும்.

முதலில் அட்டை. யூடிஐடி என்று சொல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைதான் எல்லாவற்றுக்கும் சாவி. இந்தியா முழுக்கச் செல்லும். 1995-ஆம் வருஷச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016-இல் வந்த சட்டத்தில் 21 ஆக்கியிருக்கிறார்கள். ஆட்டிசம், தசைச் சிதைவு, தலசீமியா எல்லாம் இதில் உண்டு. "எம் புள்ள நல்லா நடக்குறான், அவனுக்கு எதுக்கு அட்டை?" என்று ஆட்டிசம் உள்ள பையனின் அம்மா ஒருவர் ரொம்ப நாள் போகாமலே இருந்தார். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் புதன்கிழமைதான் மருத்துவக் குழு உட்காரும். ஊரிலிருந்து 28 கிலோமீட்டர். பாப்பாவுக்கு அப்போதே 16 கிலோ, கால் இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி விறைத்துக்கொள்ளும். அந்தக் காலோடு பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது. ஆட்டோதான், போகவர 700 ரூபாய். முதல் புதன் போனபோது ஐ.க்யூ. ரிப்போர்ட் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அது வேண்டும் என்று முன்பே யாரும் சொல்லவில்லை. இரண்டாவது புதன் அந்தப் பரிசோதனை செய்பவர் விடுப்பு. மூன்றாவது புதன்தான் முடிந்தது.

அன்றைக்கு நடந்த ஒன்றைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், எல்லாப் பெற்றோருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. எலும்பு டாக்டர் கை காலைப் பார்த்து 70 சதவீதம் போட்டார். அறிவுத்திறன் பரிசோதனையில் 60 சதவீதம் வந்தது. சான்றிதழில் மொத்தம் 83 என்று இருந்தது. 70-ம் 60-ம் எப்படி 83 ஆகும், ஏதோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நான் பதறிப்போய் உள்ளே ஓடினேன். வெளியே அத்தனை கூட்டம் நிற்கும்போதும் அந்த டாக்டர் ஓ.பி. சீட்டைத் திருப்பிப்போட்டுக் கணக்கு எழுதிக் காட்டினார். "பெரிய நம்பரை அப்படியே வெச்சுக்கங்கம்மா. 90-ல இருந்து அதைக் கழிச்சா மிச்சம் 20. அந்த 20-ஐ 60-ஆல பெருக்கி, 90-ஆல வகுங்க. 13 சொச்சம் வரும். அதை 70-ஓட கூட்டினா 83." இரண்டு குறைபாடு இருக்கும் எல்லோருக்கும் இதே கணக்குதானாம். அந்தச் சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் பிள்ளையைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒருவர் உட்கார வைத்து எனக்குப் புரியும்படி சொன்னது அதுதான் முதல் தடவை.

80-ஐத் தாண்டியதால் பாப்பாவின் அட்டையில் நீலப் பட்டை. 40-க்குக் கீழே என்றால் வெள்ளை, நடுவில் உள்ளவர்களுக்கு மஞ்சள். சம்பளத்தில் வரி பிடிக்கும் வேலையில் இருக்கும் பெற்றோருக்கும் இந்த 80 முக்கியம். வருமான வரிக் கணக்கில், 40 சதவீதத்திலிருந்து வருமானத்தில் 75,000 ரூபாய் கழிக்கலாம், 80-உம் அதற்கு மேலும் இருந்தால் 1,25,000 ரூபாய். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அது. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, என் வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறார், நான் பிளவுஸ் தைக்கிறேன்.

அடுத்தது ஆதார். இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஐந்து வயதுக்குள் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து முடிந்ததும் பத்து விரலும் கண்ணும் பதிந்து புதுப்பிக்க வேண்டும், அப்புறம் 15 வயதில் இன்னொரு தடவை. பாப்பா கட்டைவிரலை உள்ளே வைத்து அதன்மேல் நான்கு விரலையும் மூடிக்கொண்டு இருப்பாள். தெரியாதவர்கள் முன்னால் போனால் இன்னும் இறுகும்.

முதலில் போன மையம் மாடியில் இருந்தது. தூக்கிக்கொண்டு ஏறினேன். அங்கே இருந்த பையன் விரலைப் பிடித்து நேராக்கப் பார்த்தான். அவன் இழுக்க இழுக்க அவள் இன்னும் இறுக்கினாள், கத்தித் தீர்த்துவிட்டாள். "வரலைக்கா, வேற எடம் பாருங்க." அவ்வளவுதான். இரண்டாம் தடவை அதே மையத்தில் மிஷின் வேலை செய்யவில்லை. மூன்றாவதாக வேறு ஒரு இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் இருந்தார். "நீங்களே வைங்கக்கா, நான் கை வைக்கல" என்று நாற்காலியைத் தள்ளிப்போட்டு இடம் கொடுத்தார்.

எங்கள் பிசியோ மேடம் சொல்லிக்கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. மூடிய கையைத் திறக்க விரலைப் பிடித்து இழுக்கக் கூடாது. மணிக்கட்டை மெதுவாகக் கீழே மடக்க வேண்டும், விரல்கள் தானாகத் தளரும். மடியில் வைத்து முழங்கையைத் தாங்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, அவளுக்குப் பிடித்த பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளங்கை எப்போதும் மூடியே இருப்பதால் வியர்த்து ஊறிப்போயிருக்கும். முந்தானையால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக அந்தக் கண்ணாடியில் வைத்தேன். சுண்டுவிரல் மட்டும் நான்கு தடவை. நாற்பது நிமிஷம் ஆனது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. விரல் வைக்கவே முடியாத பிள்ளைகளுக்கு விதிவிலக்காகப் பதிய ஆதாரில் வழி இருக்கிறது என்று அந்தப் பெண்தான் சொன்னார். முதலில் போன இடத்தில் அதைச் சொல்லியிருந்தால் என் பிள்ளை அன்றைக்கு அப்படி அழுதிருக்க வேண்டாம்.

பேங்க் கணக்குக்கு இரண்டு தடவை. பிள்ளை பெயரில் கணக்கு, கார்டியனாக நான். ஆதாரில் அவள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருந்தது, பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். இதனால் ஒரு நாள் போனது. அட்டைக்குப் பதியும் முன்பே ஆதார், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். புள்ளி விட்டுப்போனால்கூட நாம்தான் அலைய வேண்டும்.

சரி, இப்போது பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். முன்னால் 1,500 இருந்தது, பிறகு ஏற்றிக் கொடுத்தார்கள். அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதத்திலிருந்து தகுதி உண்டு, கை கால் கடுமையாகப் பாதித்தவர்களுக்கு 75 சதவீதமாவது இருக்க வேண்டும். தசைச் சிதைவு உள்ளவர்களுக்கும் உண்டு. தாலுகா ஆபீசில் கொடுக்கும் பென்ஷனை வாங்கிக்கொண்டே இதையும் சேர்த்து வாங்க முடியாது, இரண்டில் ஒன்றுதான். மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

நான் அங்கே மூன்று தடவை போனேன். முதல் தடவை ஃபோட்டோவும் பாஸ்புக் நகலும் இல்லை. சரி, என் தப்பு. இரண்டாம் தடவை வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு அலைந்து வாங்கி மூன்றாம் தடவை போனால், அங்கே வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார், "இதுக்கு இது வேணாமேம்மா" என்று அந்தச் சான்றிதழை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் கோபமாகப் பேசவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு காகிதத்துக்காக நான் பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போன அன்றைக்குத்தான் அவளுக்கு வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பயந்து நடுங்கிப்போயிருந்தார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அட்டைக்கு மூன்று, மனுவுக்கு மூன்று, ஆக மாவட்டத் தலைநகருக்கு ஆறு தடவை, ஆட்டோவுக்கு மட்டும் 4,200 ரூபாய். ஆதாருக்கும் பேங்குக்கும் உள்ளூரில் ஐந்து தடவை, 750 ரூபாய். மொத்தம் 4,950. இதில் நான் தைக்காமல் விட்ட துணி, அவர் வண்டி எடுக்காத நாள் சேரவில்லை. கிட்டத்தட்ட இரண்டரை மாத உதவித்தொகை, அதை வாங்குவதற்கு முன்பே ஆட்டோவில் போய்விட்டது. பதினொரு தடவையில் நான்கோ ஐந்தோ போதுமானது. மனு கொடுக்கும் இடத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டி, "இந்த இந்தக் காகிதம் கொண்டு வாருங்கள்" என்று எழுதினாலே பாதி அலைச்சல் மிச்சம். கடைசியில் எனக்கு அந்தப் பட்டியலை முழுசாகச் சொன்னது தெரபிக்கு வரும் இன்னொரு அக்காதான். தன் பிள்ளைக்கு வாங்கிய அனுபவத்தில், ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: யூடிஐடி நகல், ஆதார் நகல் பிள்ளைக்கும் அம்மாவுக்கும், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவு ஃபோட்டோ நான்கு, எல்லாவற்றிலும் இரண்டு செட். மனு கொடுத்தால் பதிவு எண் எழுதி வாங்காமல் வராதே என்று கடைசி வரியில் கோடு போட்டிருந்தார். அந்தக் கடைசி வரிதான் எனக்கு உதவியது.

ஏனென்றால் மனு கொடுத்து ஐந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு என் வீட்டுக்காரர் மட்டும் போய், பதிவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்க மனு கொடுத்தார். இரண்டு மாதத்தில் சாங்ஷன் ஆர்டர் வந்தது. ஆக ஏழு மாதம். எங்களுக்குச் சாங்ஷன் ஆன மாதத்திலிருந்துதான் பணம் வந்தது, காத்திருந்த மாதங்களுக்கு வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நாள் கடத்தாதீர்கள்.

போனில் 2,000 வரவு என்று முதல் மெசேஜ் வந்தபோது தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாயிரம் போதுமா என்றால் போதாது. ராத்திரிக்கும் வெளியே போகும்போதும் மட்டும் டயப்பர் போட்டாலே மாதம் ஆயிரத்தை நெருங்குகிறது, ஏழு வயதுக்குச் சின்னக் குழந்தை அளவு பத்தாது, பெரிய அளவு விலை கூட. மீதியில் வாரம் ஒரு பிசியோ. வலிப்பு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடுகிறது. ஆனால் இந்தப் பணம் வந்தபிறகு ஒரு பிசியோகூட நான் தவறவிட்டதில்லை. முன்னால் மாதக் கடைசியில் "இந்த வாரம் காய்ச்சல்" என்று மேடத்திடம் பொய் சொல்லி நின்றுவிடுவேன். அந்தப் பொய் இப்போது தேவைப்படவில்லை. அதற்காகவே இந்தத் திட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

கூடவே வாங்கிக்கொள்ள வேண்டியது நிராமயா காப்பீடு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், சி.பி., அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் உண்டு. வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சேரும்போது மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்பதில்லை, ஏற்கனவே இருக்கும் நோய் என்று தள்ளுவதும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் சேர 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் என்றில்லை, தெரபிச் செலவுக்கும் ஒரு வரம்பு வரை வாங்கலாம். நாம் முதலில் கட்டிவிட்டுப் பில் அனுப்பி வாங்க வேண்டும். எங்கள் முதல் பில் திரும்பி வந்தது, டாக்டர் தெரபி எழுதிக் கொடுத்த சீட்டை நான் சேர்க்கவில்லை. இரண்டாவது வந்துவிட்டது. மார்ச்சோடு வருஷம் முடியும், புதுப்பிக்க மறக்காதீர்கள்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூடப் போகும் ஆளுக்கும் டிக்கெட் இல்லை. ரயிலில் தனியாகப் போக முடியாதவர்களுக்கும் துணைக்கும் சலுகை உண்டு, சிலீப்பரில் 75 சதவீதம். பெரிய பிள்ளைகள் உள்ளவர்கள் 18 வயது ஆனதும் சட்டப்படி கார்டியன் உத்தரவு வாங்குங்கள், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு கொடுக்கும். அம்மாதானே என்று சும்மா இருந்த ஒருவருக்கு, மகனுக்கு 19 வயதானபோது பேங்க் வேலை ஒன்று அப்படியே நின்றுவிட்டது.

இதெல்லாம் விட எங்கள் வீட்டை மாற்றியது ஒரு நாற்காலி. வட்டார வள மையத்தில், பள்ளிக் கல்வித் துறை நடத்திய அளவெடுக்கும் முகாமில் பதிந்தோம். சி.பி. சேர், இலவசம். நெஞ்சுக்கு ஒரு பட்டை, இரண்டு தொடைக்கும் நடுவே கால் பின்னிக்கொள்ளாமல் ஒரு கட்டை, முன்னால் கழற்றி மாட்டும் பலகை. அதுவரை பாப்பா மடியில் படுத்துத்தான் சாப்பிடுவாள், கூரையைப் பார்த்துக்கொண்டே. நாற்காலி வந்த அன்று இரவு அவளை உட்கார வைத்துப் பட்டையைப் போட்டேன். தலை கொஞ்சம் சாய்ந்தது, தானே நிமிர்த்தினாள். அவர் தட்டில் இருந்த அப்பளத்தைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று அவள் பார்த்ததே அன்றைக்குத்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. உதவித்தொகை வாங்குபவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தோடு. "புள்ள உயிரோட இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று முதல் தடவை அலுவலகத்தில் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஏன் கேட்கிறார்கள் என்று புரிகிறது. வேறு மாதிரி சொல்லலாம், "இந்த வருஷத்துக்குப் பதிஞ்சுடுங்கம்மா" என்றால் போதும்.

எங்கள் ஊர் வி.ஏ.ஓ. சாரிடம் படிவத்தைக் கொண்டுபோனேன். பிள்ளையை நேரில் பார்த்துத்தான் போடவேண்டும் என்றார். மறுபடி தூக்கிக்கொண்டு வரவேண்டுமே என்று நான் நிற்கும்போது, "நீங்க வரவேணாம்மா, சாயந்தரம் அந்தப் பக்கம்தான் வர்றேன்" என்றார். ஐந்து மணிக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பாப்பா முன்னால் தரையில் உட்கார்ந்து "பேர் என்னடா கண்ணு?" என்று கேட்டார். அவளுக்குப் பேச்சு வராது, நானும் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். அவள் "ஆ" என்று வாய் நிறையச் சத்தம் போட்டாள். "நல்ல பேரு" என்று சொல்லிவிட்டு, எழுத இடம் தேடி, அவள் நாற்காலிப் பலகையிலேயே படிவத்தை வைத்தார். கையெழுத்துப் போடும்போது பாப்பா மூடிய கையால் பலகையைத் தட்டினாள், பேனா இழுத்துக்கொண்டு ஒரு கோடு விழுந்துவிட்டது. வேறு படிவம் எடுத்து வரவா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, அவளும் கையெழுத்துப் போட்டிருக்கா" என்று அந்தக் கோட்டின் மேலேயே சீல் வைத்துக் கொடுத்தார். அலுவலகத்தில் அதை வாங்கிக்கொண்டார்கள்.